துவரம் பருப்பு கற்றுத் தரும் மொசாம்பிக் பாடம்



நம் கடைகளில் அன்றாடம் எடை போடும் சரக்குகளில் முதல் வரிசையில் இருப்பது துவரம் பருப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கேன்டீன் ஆகட்டும், ஆவடியின் ஊழியர் குடியிருப்பு ஆகட்டும், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓட்டல் ஆகட்டும், மதியச் சாம்பார் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஆனால் அந்தப் பருப்பில் ஒரு பங்கு எந்த மண்ணில் விளைந்தது என்று யாராவது கேட்டால், "ஆப்பிரிக்கா சரக்கு" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆப்பிரிக்கா ஒரு நாடு அன்று. 54 நாடுகள் அடங்கிய கண்டம். நமக்குத் துவரை அனுப்பும் மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதை உண்டு. அவற்றுள் மொசாம்பிக்கின் கதையை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வர்த்தகப் பத்திரிகைகளில் இந்த நாட்டைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, போர், புயல், ஊழல் என்று கைவிரிப்பவை. மற்றொன்று, எரிவாயு, நிலக்கரி என்று ஆசை காட்டுபவை. இரண்டிலும் கடைக்காரர் வருவதில்லை. நாம் மளிகை வியாபாரியின் பார்வையில் அந்தப் பொருளாதாரத்தைப் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் நம் கொள்முதலுக்கும் நம் நடத்தைக்கும் பயன்படும் பாடங்கள் சில கிடைக்கின்றன.

நாடும் அதன் பழைய வணிகமும்

மொசாம்பிக், ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில், இந்தியப் பெருங்கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கும் நாடு. தலைநகர் மபூட்டோ. நாணயம் மெட்டிகல். நீண்ட காலம் போர்ச்சுக்கல் ஆட்சியில் இருந்து 1975 ஜூன் 25 அன்று விடுதலை பெற்றது. ஆட்சி மொழி இன்றும் போர்ச்சுக்கீசியம்தான். மக்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். ஓரிரண்டு ஹெக்டேர் நிலத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் வீட்டுக்காக, கொஞ்சம் துவரையோ எள்ளோ முந்திரியோ விற்பனைக்காக என்பதே அவர்கள் கணக்கு.

இந்திய வணிகருக்கு அந்தக் கரை புதிதன்று. குஜராத் கரையோரத்து டையூ வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே மொசாம்பிக் தீவோடு துணி வியாபாரம் செய்தனர். அந்த வணிகத்துக்கு 1686-இல் போர்ச்சுக்கீசிய அரசிடம் தனி உரிமையும் பெற்றார்கள். ஆனால் 1961 டிசம்பரில் இந்தியா கோவாவை விடுவித்தபோது, போர்ச்சுக்கல் தன் கோபத்தை மொசாம்பிக்கில் இருந்த இந்தியர்கள் மீது காட்டியது. அவர்களை முகாம்களில் அடைத்தது, சொத்தை முடக்கியது, நாட்டை விட்டு அனுப்பியது. எங்கோ நடக்கும் அரசியல், கடைக்காரர் தலையில் எப்படி வந்து விழுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

கடைக்காரர்கள் போன நாடு

நமக்கு மிகவும் முக்கியமான பகுதி இதுதான். கேன்டீன் என்றால் நாம் சாப்பாட்டுக் கடையை நினைக்கிறோம். மொசாம்பிக்கில் 'கான்ட்டினா' என்றால் கிராமத்து மளிகைக் கடை. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் போர்ச்சுக்கீசியரும் ஆசிய வம்சாவளியினரும். விவசாயியிடம் முந்திரிக் கொட்டை, மக்காச்சோளம், நிலக்கடலை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு உப்பு, சோப்பு, எண்ணெய், துணி, மண்வெட்டி ஆகியவற்றை விற்பார்கள். ஒரே கடை கொள்முதல் நிலையமாகவும் விற்பனை நிலையமாகவும் இருந்தது. விவசாயியைக் குறைந்த விலைக்கு அமுக்கிய கடைக்காரர்களும் அவர்களில் உண்டு. அதை மறுப்பதற்கில்லை.

விடுதலையை ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில் போர்ச்சுக்கீசியரில் மிகப் பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். கான்ட்டினாக்கள் பூட்டப்பட்டன. புதிய அரசு 'மக்கள் கடை' என்ற பெயரில் அரசுக் கடைகளைத் திறந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் எந்தக் கிராமத்துக்கு எந்த மாதம் என்ன சரக்கு வேண்டும், எவருக்குக் கடன் தரலாம், எவரிடம் எவ்வளவு விளைச்சல் இருக்கும் என்பதெல்லாம் பழைய கடைக்காரரின் மனக்கணக்கில் இருந்தவை. அந்தக் கணக்கு ஊழியர்களிடம் இல்லை. கடைகளில் சரக்கு தட்டுப்பட்டது, வரிசை நீண்டது. 1980-இல் அதிபர் சமோரா மஷேல் அந்தக் கடைகளைக் கைவிட்டு, சில்லறை வணிகத்தை மீண்டும் தனியாரிடம் விடுவதாக அறிவித்தார்.

அதற்குள் சேதம் நடந்துவிட்டது. உப்பும் சோப்பும் கிடைக்காத ஊரில் விவசாயி எதற்காக அதிகமாக விளைவித்து விற்பார்? தன் வீட்டுக்கு வேண்டியதை மட்டும் விளைவித்தார். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் முந்திரிக் கொட்டை விளைந்து, உலகத்தின் முதல் வரிசையில் நின்ற நாடு அது. பத்தே ஆண்டுகளில் சந்தைக்கு வந்த அளவு அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர் சாலைகளையும் கடைகளையும் மேலும் அழித்தது. 1992 அக்டோபர் 4 அன்று ரோம் நகரில் கையெழுத்தான உடன்பாட்டின் பிறகே அமைதி வந்தது.

சந்தை திறந்த பிறகும் அடி விழுந்தது. 1990களில் உலக வங்கியின் யோசனைப்படி பச்சை முந்திரிக் கொட்டையின் ஏற்றுமதி வரி குறைக்கப்பட்டது. கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது. அங்கே கொட்டை உடைக்கும் ஆலைகள் பல மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். முன்பு அரசு அவசரப்பட்டு எல்லாவற்றையும் தன் கைக்குள் எடுத்தது. பிறகு அவசரப்பட்டு எல்லாவற்றையும் விட்டது. இரண்டு முறையும் கீழே இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

துவரை வழியாக வந்த உறவு

துவரம் பருப்பை உலகத்திலேயே அதிகம் விளைவிப்பதும், அதிகம் உண்பதும், அதிகம் இறக்குமதி செய்வதும் நம் நாடுதான். நம் நாட்டில் துவரை ஜூன், ஜூலையில் விதைக்கப்பட்டு டிசம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை சந்தைக்கு வருகிறது. பர்மா துவரையும் ஏறக்குறைய அதே சமயம், ஜனவரிக்கு மேல் அறுவடையாகிறது. மொசாம்பிக், மலாவி, தான்சானியா ஆகியவற்றின் அறுவடை ஜூலை, ஆகஸ்டில் தொடங்குகிறது. சரக்கு செப்டம்பர் முதல் வருட இறுதி வரை நம் துறைமுகங்களில் இறங்குகிறது. நம் நாட்டுப் பழைய இருப்பு தீர்ந்து புதுச் சரக்கு வராத இடைவெளி அது. ஆயுத பூஜையும் தீபாவளியும் வரும் காலமும் அதுவே. ஆப்பிரிக்கச் சரக்கு அளவில் நம் விளைச்சலை விடச் சிறியதாக இருந்தும் விலையை ஆட்டி வைப்பதற்கு இந்தக் காலப் பொருத்தமே காரணம்.

சந்தையில் இவற்றுக்கு வழங்கும் பெயர்களை இளைய தலைமுறை அறிந்துகொள்வது நல்லது. அருஷா, மட்வாரா என்றால் தான்சானியாவின் ஊர்ப் பெயர்களால் வழங்கும் துவரை. கஜ்ரி, வெள்ளை என்பன மொசாம்பிக் வரவில் அதிகம் காதில் விழும் பெயர்கள். மலாவி சிவப்பு பெயரிலேயே விளங்கும். லெமன் என்பது பர்மாச் சரக்கு. நம் நாட்டுச் சரக்கில் கர்நாடகத்தின் கலபுரகித் துவரைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மொசாம்பிக்கில் துவரை அதிகம் விளைவது சம்பேசியா, நம்புலா முதலிய வடக்கு, நடு மாகாணங்களில். அங்குள்ள மக்கள் அதை அதிகம் உண்பதில்லை. ஏறக்குறைய முழுவதும் நமக்காகவே விளைகிறது. 2015-இல் நம் நாட்டில் மழை பொய்த்து, அக்டோபரில் பருப்பு சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அதன் பிறகுதான் 2016 ஜூலையில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. முதல் ஆண்டு 1 லட்சம் டன் என்று தொடங்கி 2020-21-இல் 2 லட்சம் டன் வரை வாங்குவதாக அதில் ஏற்பாடு. 2021-இல் அது மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு மலாவியோடும் 50,000 டன்னுக்கு ஒப்பந்தம் ஆயிற்று.

ஒரே வாங்குபவரை நம்பினால்

விலை நன்றாக இருந்ததால் 2016-17-இல் நம் விவசாயிகளும் துவரையை ஏராளமாக விதைத்தார்கள். விளைச்சல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். பல சந்தைகளில் அதற்கும் கீழே போயிற்று. தன் விவசாயியைக் காக்க வேண்டிய மத்திய அரசு 2017 ஆகஸ்ட் 5 அன்று, ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை இறக்குமதி கூடாது என்று உத்தரவிட்டது. அரசு ஒப்பந்தப்படி வரும் அளவுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் மொசாம்பிக்கில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டின் விலையை நம்பி விதைத்தவர்கள் களத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்க ஆள் குறைந்தது. விலை முந்தைய ஆண்டில் ஒரு சிறு பங்காக விழுந்தது. வேறு நாட்டுக்கு விற்கலாம் என்றால் வாங்குவோர் இல்லை. வீட்டில் சமைத்து உண்ணலாம் என்றால் அந்தப் பழக்கமும் அதிகம் இல்லை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் வீட்டுக் கூரைக்கும் என்று வைத்திருந்த பணம் அந்த மூட்டைக்குள்ளேயே அடங்கிப் போனது.

நம் அரசு செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. தன் விவசாயியை முதலில் பார்ப்பது எந்த அரசுக்கும் கடமை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் வணிகர் பார்க்க வேண்டும். விலை விழுந்த பயிரை விவசாயி குறைப்பார். இது கலபுரகிக்கும் பொருந்தும், நம்புலாவுக்கும் பொருந்தும். நம் நாட்டு விளைச்சலே 2018-19-இல் 33 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. 2021 மே மாதம் இறக்குமதியை மீண்டும் தாராளமாகத் திறக்க வேண்டியதாயிற்று. 2023-இல் பருப்பு மறுபடியும் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. மலிவு விலை நமக்கு ஒரு வருடம் இனித்தது. அதற்கான பாக்கியைப் பிறகு நாமும் நம் வாடிக்கையாளரும் சேர்ந்து கட்டினோம்.

துறைமுகமும் கடனும்

மொசாம்பிக் துவரை பெரும்பாலும் வெளியேறும் வழி வடக்கிலுள்ள நகாலா துறைமுகம். ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. மலாவிச் சரக்கும் ரயிலில் அங்கே வந்து சேர்கிறது. 2023-இன் கடைசி மாதங்களில் ஏற்றுமதியாளர்களுக்கிடையே எழுந்த வழக்குகளாலும் அனுமதித் தாமதத்தாலும் இந்தியாவுக்கு வர வேண்டிய துவரை அங்கே தேங்கியது. விளைச்சல் இருந்தது, வாங்குபவர் இருந்தார், கப்பலும் இருந்தது. ஆனாலும் சரக்கு வரவில்லை. நம் பகுதியில் அந்தத் தீபாவளிக்குப் பருப்பு விலை இறங்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கடன். 2013, 2014-இல் மீன்பிடிக் கப்பல், கடலோரக் காவல் என்ற பெயர்களில் அரசு நிறுவனங்கள் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. அதில் பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்குத் தெரியாமலே அரசு உத்தரவாதத்தோடு வாங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் விஷயம் வெளிவந்ததும் சர்வதேச நிதியம் உதவியை நிறுத்தியது. மெட்டிகல் மதிப்பு சரிந்தது. 2017 ஜனவரியில் தவணை கட்ட முடியாமல் போனது. மறைத்து வைத்த ஒரு கடன், மறைக்காத எல்லாக் கணக்கையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிட்டது.

எரிவாயுவின் கதையும் உண்டு. 2010 முதல் வடகோடியில் ரோவுமா கடற்பகுதியில் பெரும் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. நாடே பணக்கார நாடாகிவிடும் என்றார்கள். ஆனால் 2017 அக்டோபரில் அந்த மாகாணத்தில் ஆயுதக் கலவரம் தொடங்கியது. 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டு, அடுத்த மாதமே கரையில் நடந்த பெரிய திட்டம் நிறுத்தப்பட்டது. கடலில் மிதக்கும் ஆலையிலிருந்து முதல் ஏற்றுமதி 2022 நவம்பரில்தான் புறப்பட்டது. 2024 இறுதியில் தேர்தல் முடிவை ஒட்டி எழுந்த கலவரத்தில் மபூட்டோ பகுதியில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. பூமிக்கடியில் உள்ள செல்வத்தைப் பற்றி நாடு பேசிக்கொண்டிருக்கும்போது, பூமிக்கு மேலே வேலை தேடும் இளைஞர்களின் கோபம் முதலில் கடைக் கதவில்தான் வந்து மோதுகிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய கைப்பேசிப் பணப் பரிமாற்றமான எம்-பெசா, 2013-இல் மொசாம்பிக்குக்கும் வந்தது. வங்கிக் கிளை இல்லாத ஊரில் சிறு கடைக்காரரே முகவராக இருந்து பணம் வாங்குகிறார், பணம் தருகிறார். ஒரு காலத்தில் கடைக்காரர் இல்லாமல் தவித்த நாட்டில், கடைக்காரரே பாதி வங்கியாகிவிட்டார். வணிகனின் இடத்தை யாரும் எளிதில் நிரப்ப முடியாது என்பதற்கு இதை விடச் சான்று வேண்டாம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாட்காட்டி வைத்துக் கொள்முதல் செய்யுங்கள். ஆகஸ்ட் தொடங்கியதும் ஆப்பிரிக்க அறுவடை, நகாலா நிலவரம், நம் நாட்டு விதைப்புப் பரப்பு ஆகிய மூன்றையும் கவனியுங்கள். இவற்றோடு இறக்குமதி உத்தரவு எந்தத் தேதி வரை என்பதையும் குறித்து வையுங்கள். பண்டிகைக்கு வேண்டிய சரக்கை ஒரே நாளில் வாங்காமல் மூன்று, நான்கு தவணையாக வாங்கினால் சராசரி விலை கிடைக்கும்.

2. துவரை விலையைப் பருப்பு விலையாக மாற்றும் கணக்கைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். 100 கிலோ துவரை உடைத்தால் சுமார் 70 முதல் 75 கிலோ பருப்பு கிடைக்கும். எனவே துவரை கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினால், பருப்பின் அடக்கம் சுமார் 1 ரூபாய் 40 காசு ஏறும். இது தெரிந்தால் மில்காரர் சொல்லும் விலை நியாயமா என்பது நொடியில் விளங்கும்.

3. பதுக்கல் என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். 2023 ஜூனில் மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்று இருப்பு வரம்பு வந்தது. செப்டம்பரில் மொத்த வியாபாரியின் வரம்பு 50 டன்னாகக் குறைக்கப்பட்டது. அதிக விலை வரும் என்று கிடங்கை நிரப்பியவர்கள் அவசரமாகக் கழிக்க வேண்டியதாயிற்று. இருப்புக் கணக்கை எழுத்திலும், அரசு கேட்கும் இடத்திலும் நாள் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

4. ரேஷன் நிலவரத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு சலுகை விலையில் வழங்கப்படுகிறது. அங்கே சரக்கு தாமதமானால் அந்த மாதம் நம் கடையில் அரை கிலோ, கால் கிலோ கேட்டு வருவோர் கூடுவார்கள். அவர்கள் மிகவும் எளியவர்கள். அந்த நெருக்கடியை லாபமாக்க நினைக்காமல் வழக்கமான மார்ஜினில் கொடுங்கள். மறு மாதமும் நம்மைத் தேடி வருவார்கள்.

5. ஒரே இடத்தை நம்பாதீர்கள். ஒரே ஊர்ச் சரக்கு, ஒரே மில், ஒரே பெரிய வாடிக்கையாளர் என்று தொழிலைக் குறுக்கிக்கொண்டால் மொசாம்பிக் விவசாயியின் 2017 நம் கடைக்கும் வரும். ஒரு கேன்டீன் ஒப்பந்தத்தையே நம்பி ஓடும் கடை, அந்தத் தொழிற்சாலை மூடிய மறுநாள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தொழிற்பேட்டையை நம்பிப் பிழைக்கும் நம் பகுதிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

6. கடனை மறைக்காதீர்கள். கூட்டாளியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லாத கைமாற்று, ஒரு நாள் கடையின் நல்ல பெயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நாட்டுக்கு நடந்தது வீட்டுக்கும் நடக்கும்.

7. பெயரை மாற்றி விற்காதீர்கள். ஆப்பிரிக்கப் பருப்பை ஆப்பிரிக்கப் பருப்பு என்றே சொல்லி அதன் விலைக்கு விற்பதில் குறைவில்லை. கலபுரகி என்று சொல்லிக் கலந்து கொடுத்தால், குக்கர் விசில் அடங்கும் முன்பே இல்லத்தரசிக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பாடங்களுக்கெல்லாம் அடிப்படையாக நமக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் நடுவில் நிற்கும் வணிகர் சொன்ன சொல் தவறாமல் நின்றால் இரு பக்கமும் பிழைக்கும். அவர் அமுக்கினாலும், அடியோடு இல்லாமல் போனாலும் இரு பக்கமும் வாடும். கான்ட்டினாக்கள் மூடிய நாடு இதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. நாம் அந்த விலை கொடுக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

வரும் பருவத்தில் உங்கள் கடைக்கு ஆப்பிரிக்க மூட்டை வந்து இறங்கும்போது, அதன் விலையோடு எந்த நாட்டுச் சரக்கு, எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்பதையும் தரகரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். இரண்டு, மூன்று வருடக் குறிப்பு சேர்ந்துவிட்டால், விலை ஏன் ஏறுகிறது என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நம்மிடம் உண்மையான பதில் இருக்கும்.